பட்டியல் ஒரு முறை சொல்லும், நச்சரிப்பான் விடாது: வீட்டு வேலைகளுக்கு இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது எப்படி?

கேள்வி இது: "வேலைகளைக் குறித்துவைக்கப் பட்டியல் செயலி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதிலேயே நினைவூட்டலும் வருகிறது. பிறகு டிக் அடிக்கும்வரை கத்திக்கொண்டே இருக்கும் செயலி தனியாக எதற்கு? இரண்டும் இருந்தால் ஒரே வேலையை இரண்டு இடத்தில் எழுதிக் குழம்ப மாட்டோமா?"

குழம்புவோம், எது எங்கே இருக்க வேண்டும் என்று முதலிலேயே பிரிக்காவிட்டால். பிரித்துவிட்டால் நச்சரிப்புச் செயலியில் மொத்தமே பத்துப் பன்னிரண்டு வரிகள்தான் இருக்கும். மற்ற நூற்றுச் சொச்சமும் பட்டியலிலேயே கிடக்கும். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

முதலில் வித்தியாசம் எங்கே என்று பார்த்துவிடலாம். பட்டியல் செயலியின் நினைவூட்டல் பொதுவாக ஒரு தடவை ஒலிக்கும். அந்த நேரத்தில் கை ஈரமாக இருக்கும், அல்லது யாரோடாவது பேசிக்கொண்டிருப்போம். "இதோ ஆச்சு" என்று விரலால் தள்ளிவிடுவோம். தள்ளியபின் திரையில் தடயம் இல்லை. பட்டியலைத் திறந்தால் அந்த வேலை சிவப்பு எழுத்தில் காத்திருக்கும். ஆனால் பட்டியலைத் திற என்று சொல்ல ஆள் இல்லை. நச்சரிப்புச் செயலி இந்த ஒரு ஓட்டையைத்தான் அடைக்கிறது. தள்ளிவிட்டாலும் ஐந்து நிமிடத்தில் திரும்ப வரும். 'முடிந்தது' என்றோ 'இத்தனை மணிக்கு வா' என்றோ பதில் சொன்னால்தான் அடங்கும்.

இது எந்த வகை மறதிக்கு மருந்து என்று தெரிந்துகொண்டால், எதை அதில் போடுவது என்ற குழப்பம் பாதி தீரும். பின்னால் செய்ய வேண்டியதை நினைவில் வைப்பதை உளவியலில் தனி வகை நினைவாற்றலாகவே பார்க்கிறார்கள். கில்ஸ் ஐன்ஸ்டைன் (இயற்பியல்காரர் அல்ல, இவர் வேறு), மார்க் மெக்டேனியல் இருவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. நிகழ்ச்சியைப் பார்த்ததும் நினைவுக்கு வரவேண்டியவை ஒரு வகை, கடிகாரத்தைப் பார்த்து நாமே நினைத்துக்கொள்ள வேண்டியவை இன்னொரு வகை என்று பிரித்தார்கள். இரண்டாவதுதான் பெரும்பாலும் நழுவும், ஏனென்றால் கண்ணில் படுகிற குறிப்பு எதுவும் இல்லை. தபாலில் சேர்க்க வேண்டிய உறையை வாசல் கதவின் கைப்பிடியில் மாட்டிவைத்தால் செயலியே தேவையில்லை. கதவைத் திறக்கும்போது உறையே பேசும். பக்கத்து அறையில் வாஷிங் மெஷின் சத்தமில்லாமல் ஓடி முடித்து, உள்ளே துணி ஈரத்தோடு கிடப்பதைச் சொல்ல எதுவும் இல்லை. அந்த மாதிரி வேலைக்குத்தான் நச்சரிப்பு. பொருளைக் கண்ணெதிரே வைத்துத் தீர்க்க முடிகிற எதற்கும் அலாரம் வைக்காதீர்கள்.

எதைப் போடலாம்

மூன்று கேள்வி கேளுங்கள். சில மணி நேரம் தாமதித்தாலே நஷ்டமா? எழுந்து போனால் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுமா? மணி அடிக்கும் நேரத்தில் அதைச் செய்யக்கூடிய இடத்தில் இருப்போமா? மூன்றுக்கும் ஆம் என்றால் மட்டும் நச்சரிப்பு.

மெஷினிலிருந்து துணி எடுத்து உலர்த்துவது, குப்பைத் தொட்டியை வெளியே வைப்பது, மாத்திரை, வளர்ப்புப் பிராணிக்கு மருந்து, உறைந்த பொருளை ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றுவது, மறுநாளைக்குக் கைபேசி, ஹெட்போன் சார்ஜ் போடுவது எல்லாம் தேறும். "அலமாரியை ஒழுங்குபடுத்து" தேறாது. அது இரண்டு மணி நேர வேலை. மணி அடித்ததும் யாரும் எழுந்து போய் அலமாரியைப் பிரித்துப்போடப் போவதில்லை. ஐந்து நிமிடத்துக்கொரு தரம் தள்ளிப்போடுவோம், அப்படித் தள்ளிப்போட்டுப் பழகிய விரல் நாளைக்கு மாத்திரையையும் அதே வேகத்தில் தள்ளும். தகுதியில்லாத ஒரு வரி செய்கிற சேதம் அந்த வரியோடு நிற்பதில்லை என்பதால்தான் இவ்வளவு கறார்.

அடுப்பில் இருப்பதற்கு நச்சரிப்புச் செயலி வேண்டாம். அதற்கு சாதாரண டைமர்தான் சரி. டைமர் நிறுத்தும்வரை ஒலிக்கும், நொடிக்கணக்கு தவறாது, கைபேசி சைலண்ட்டில் இருந்தாலும் பொதுவாகக் கேட்கும்.

கட்டணம் கட்டுவது இரண்டுக்கும் நடுவில் நிற்கும். பட்டியலில் கடைசித் தேதியோடு இருக்கட்டும். கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்பு, இரவு உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு ஒரே ஒரு நச்சரிப்பு. கடைசி நாளுக்கே வைத்தால், பணம் செலுத்தும் தளம் அன்றைக்குப் பார்த்துப் படுத்துக்கொண்டால் வேறு வழியிருக்காது.

எண்ணிக்கை: ஒரு நாளுக்கு ஐந்தாறு நினைவூட்டலுக்கு மேல் வேண்டாம். இது நடைமுறையில் தாங்கும் அளவு, விதியல்ல. ஆனால் அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவமனைகளே சாட்சி. நோயாளியோடு இணைத்த கருவிகள் ஓயாமல் ஒலிப்பதால் ஊழியர்களின் காது மரத்துப்போவதைப் பற்றி மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் அளிக்கும் அமெரிக்காவின் ஜாயின்ட் கமிஷன் 2013-இல் எச்சரிக்கை வெளியிட்டது. ஒலிக்கும் அலாரங்களில் 85 முதல் 99 சதவீதம் வரை மருத்துவ நடவடிக்கை எதுவும் தேவைப்படாதவை என்ற மதிப்பீடு அதில் இருக்கிறது. உயிர் சம்பந்தப்பட்ட இடத்திலேயே காது மரத்துப்போகிறது என்றால் குப்பைத் தொட்டி எம்மாத்திரம்.

நேரம் வைப்பதில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள்

வேலை முடிய வேண்டிய நேரத்துக்கு மணி வைக்கக் கூடாது. நம் கை காலியாக இருக்கும் நேரத்துக்கு வைக்க வேண்டும். குப்பை வண்டி காலை ஆறரைக்கு வருகிறது என்பதற்காக ஆறு இருபதுக்கு வைத்தால், தூக்கத்தில் அணைத்துவிட்டுத் திரும்பிப் படுப்போம். முந்தின இரவு வீட்டுக்குள் நடமாட்டம் இருக்கிற நேரத்துக்கு வைக்க வேண்டும், காலில் செருப்பு இருக்கும்போதே என்றால் இன்னும் நல்லது. வாஷிங் மெஷின் 52 நிமிடம் என்று காட்டினால் 55-க்குக் குறிக்கலாம். பல மெஷின்களில் கடைசி நிமிடங்கள் இழுத்துக்கொண்டு போகும், கதவுப் பூட்டு விடுபடவும் ஓரிரு நிமிடம் ஆகும். முதல் மணியிலேயே போய்ப் பார்த்து "இன்னும் முடியல" என்று திரும்பி வந்தால், இரண்டாவது மணியின் மேல் நம்பிக்கை குறையும்.

சரியான நேரத்தைக் கண்டுபிடிக்க யோசிக்கவே வேண்டாம், செயலியே காட்டிக்கொடுக்கும். எட்டு மணிக்கு வைத்ததைத் தினமும் ஒன்பதே கால்வரை தள்ளிப்போட்டுவிட்டுத்தான் செய்கிறீர்களா? அப்படியானால் அதன் நேரம் ஒன்பதே கால். மாற்றிவிடுங்கள். ஒரு வாரம் போதும் இதைக் கவனிக்க.

எத்தனை நிமிடத்துக்கொரு தரம் திரும்ப அடிக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு வேலைக்கும் தனியாக வையுங்கள். ஐபோனில் ஓடும் டியூ என்ற நச்சரிப்புச் செயலியில் ஒரு நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம்வரை இதைத் தேர்ந்தெடுக்கலாம். துணிக்கு 5 அல்லது 10 நிமிடம் சரி. மாத்திரைக்கு 10 முதல் 15, சாப்பாட்டுக்குப் பின் போடுவதென்றால் சாப்பிட்டு முடிக்கும் அளவுக்காவது இடைவெளி வேண்டும். குப்பைத் தொட்டிக்கு 30 போதும். ஒரு நிமிடம் என்பது, கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பும் முன் கட்டாயம் எடுக்க வேண்டியதற்கு மட்டும். எல்லாவற்றுக்கும் ஒரு நிமிடம் வைத்தவர்கள் இரண்டாம் நாளே செயலியை நீக்கிவிடுவார்கள்.

எழுதும் விதம்

பூட்டுத் திரையிலும் கைக்கடிகாரத்திலும் முதல் சில சொற்கள்தான் தெரியும். "செடி" என்று எழுதினால் என்ன செய்ய என்று மூளை ஒரு நொடி யோசிக்கும், அந்த ஒரு நொடியில்தான் விரல் தள்ளிவிடும். "பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர், 2 குவளை" என்று எழுதுங்கள். "குப்பை" வேண்டாம், "தொட்டியை வெளியே வை" என்று இருக்கட்டும். வேலை எப்போது முடிந்ததாகக் கணக்கு என்பது அந்த வரியிலேயே தெரிய வேண்டும். "துணி" என்று இருந்தால் மெஷினிலிருந்து எடுத்து வாளியில் போட்டதோடு டிக் அடித்துவிடுவோம். "துணியை உலர்த்து" என்று இருந்தால் முடியாது. மருந்தின் பெயரை மட்டும் வெளிப்படையாக எழுத வேண்டாம். பூட்டுத் திரையில் பக்கத்தில் இருப்பவர் படிக்கலாம். "இரவு 1" என்றாலே உங்களுக்குப் புரியும்.

இரண்டையும் எப்படி இணைப்பது

ஒரு வேலை ஒரு இடத்தில்தான் வாழ வேண்டும். இரண்டு செயலிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் என்று எதிர்பார்க்காதீர்கள். பட்டியலில் டிக் அடித்தால் நச்சரிப்பில் அது தானாக அணையாது, அங்கே அடித்தால் இங்கே முடியாது. இருபுறமும் எழுதிவைத்தால், முடித்த வேலைக்கே இரவு பதினொரு மணிக்குக் கைபேசி கத்தும். அப்படி நான்கு முறை நடந்தால், உண்மையான மணியையும் "இது பழசு" என்று நினைத்து அணைப்போம்.

இணைப்புக்கு எளிய வழி, நச்சரிப்பில் ஒரே ஒரு வரி போடுவது: "பட்டியலைத் திறந்து இன்றைய மூன்றைத் தேர்ந்தெடு". காலையில் ஒன்று. வேண்டுமானால் மாலையில் இன்னொன்று. பட்டியல் செயலிகளின் பெரிய பலவீனம் யாரும் அவற்றைத் திறப்பதில்லை என்பதுதான். அதை இந்த ஒரு வரி சரிசெய்துவிடும். இதைத் தவிர வேறு எதுவும் செய்யாவிட்டாலும், நச்சரிப்புச் செயலி வைத்திருப்பதற்கு இதுவே போதுமான காரணம் என்பது என் கருத்து.

காலையில் பட்டியலைத் திறக்கும்போது, இன்று தவறவே கூடாத, குறிப்பிட்ட நேரம் உள்ள ஒன்றிரண்டைக் கையாலேயே நச்சரிப்புக்கு நகர்த்துங்கள். பட்டியலில் அந்த வரியின் நேரத்தையும் நினைவூட்டலையும் எடுத்துவிட்டு, தேதியை மட்டும் விடலாம். இதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஐபோனில் ஷார்ட்கட்ஸ் செயலி வழியாக இதைத் தானியங்கியாக்க முடியும். டியூ தனக்கென்று இணைப்பு முகவரி வடிவம் வைத்திருக்கிறது, அதில் தலைப்பை நிரப்பி அழைத்தால் புதிய நினைவூட்டல் உருவாகும். இரண்டு நாள் உட்கார்ந்து இதைக் கட்டுபவர்களும் உண்டு. அந்த இரண்டு நாளில் வீட்டு வேலை எதுவும் நடந்திருக்காது என்பது வேறு விஷயம்.

திரும்பத் திரும்ப வரும் வேலைகளில் ஒரு நுட்பம் இருக்கிறது. குப்பைத் தொட்டி நாள்காட்டியைப் பின்பற்றுவது. போன வாரம் தவறினாலும் இந்த வாரம் அதே கிழமை வரும். ஏசி வடிகட்டியைக் கழுவுவது அப்படியல்ல. பத்து நாள் தாமதித்துக் கழுவினால், அடுத்த முறையும் கழுவிய நாளிலிருந்துதான் கணக்கு. டுடூயிஸ்ட் என்ற பட்டியல் செயலியில் 'எவ்ரி' (every) என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பின் ஆச்சரியக்குறி போட்டால் முடித்த நாளிலிருந்து எண்ணும், குறி இல்லாவிட்டால் நாள்காட்டிப்படி எண்ணும். திங்ஸ், ஆம்னிஃபோக்கஸ் செயலிகளிலும் முடித்த நாளிலிருந்து எண்ணும் வசதி உண்டு. முடித்த நாளிலிருந்து எண்ணும் இந்த வகையைப் பட்டியலிலேயே விட்டுவிடுங்கள். வடிகட்டி நாளைக்குக் கழுவப்பட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை, அதற்கு நச்சரிப்பு தேவைப்படாது.

மாத்திரை விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். தினசரி வரும் நினைவூட்டலை நேற்று தள்ளிப்போட்டு அப்படியே விட்டிருந்தால், இன்று திரையில் ஒலிப்பது நேற்றையதா இன்றையதா என்பது சில செயலிகளில் தெளிவாக இருக்காது. முந்தினதை முடித்தால்தான் அடுத்தது உருவாகும் என்ற முறையில் இயங்குபவை உண்டு, இரண்டும் தனித்தனியாகக் குவிபவையும் உண்டு. ஆகவே டிக்கைப் பார்த்து "சாப்பிட்டாச்சு" என்று முடிவுசெய்யாதீர்கள். கிழமை எழுதிய பெட்டிகள் உள்ள மாத்திரை டப்பாதான் சாட்சி. பெட்டி காலியா இல்லையா என்பதே கணக்கு, செயலி வெறும் மணி. தவறவே கூடாத மருந்தாக இருந்தால் கைபேசியை மட்டும் நம்ப வேண்டாம்.

ஒலிக்காமல் போவது ஏன்

"இரண்டு நாள் நன்றாக ஓடியது, பிறகு சத்தமே இல்லை" என்ற புகார்தான் அதிகம். செயலியின் மேல் பழி போடும் முன் கைபேசியின் உள்விவகாரத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐபோனில் ஒரு செயலி பின்னணியில் விழித்திருந்து மணி அடிப்பதில்லை. எந்தெந்த நேரத்தில் அடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே இயங்குதளத்திடம் எழுதிக் கொடுத்துவிடுகிறது. அப்படி வரிசையில் வைக்கக்கூடிய அறிவிப்புகள் ஒரு செயலிக்கு 64 மட்டும். ஒரு நிமிடத்துக்கொரு தரம் அடிக்கும் ஒரே நினைவூட்டல் ஒரு மணி நேரத்தில் அந்த வரிசையைத் தின்றுவிடும். ஐந்து நிமிட இடைவெளியில் நான்கு வேலைகள் ஒரே சமயத்தில் தவறிக்கிடந்தால், ஆளுக்குப் பதினாறு இடம், அதாவது எண்பது நிமிடம். அதற்குள் செயலியைத் திறந்தாலோ ஏதாவது ஒரு பதில் சொன்னாலோ வரிசை மறுபடி நிரம்பும். செயலிகள் இந்தச் சிக்கலைச் சமாளிக்கப் பல தந்திரம் செய்கின்றன, ஆனால் எல்லை எல்லைதான். குறைந்த வரிகள், நீண்ட இடைவெளி என்று சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

அடுத்தது ஃபோகஸ். 2021-இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 15-உடன் வந்தது. தூக்கத்துக்கோ வேலைக்கோ ஃபோகஸ் போட்டிருந்தால் மற்ற அறிவிப்புகள் அமைதியாக்கப்படும். நச்சரிப்புச் செயலியை அனுமதிக்கப்பட்ட செயலிகளில் சேர்த்துவிடுங்கள், அல்லது அவசரத் தன்மை கொண்ட அறிவிப்பு என்ற 'டைம் சென்ஸிட்டிவ்' அனுமதியை இயக்குங்கள். அறிவிப்புகளைத் தொகுத்து ஒரே நேரத்தில் தரும் 'ஷெட்யூல்டு சம்மரி' பட்டியலில் அது தவறிப்போயும் இருக்கக் கூடாது. சைலண்ட் சுவிட்சு போட்டால் சாதாரண அறிவிப்பின் ஒலி போய்விடும், கடிகாரச் செயலியின் அலாரமும் டைமரும் கேட்கும். 2025-இல் வந்த ஐஓஎஸ் 26, அலார்ம்கிட் என்ற வசதியின் மூலம் மற்றச் செயலிகளும் அதேபோல் சைலண்டையும் ஃபோகஸையும் மீறி அலாரம் அடிக்க வழி கொடுத்திருக்கிறது. உங்கள் செயலி அதைப் பயன்படுத்துகிறதா என்று அமைப்புகளில் பாருங்கள். இருந்தால் மாத்திரை மாதிரி ஒன்றிரண்டுக்கு மட்டும் இயக்குங்கள்.

ஆண்ட்ராய்டில் கதை நீளம். 2015-இல் ஆண்ட்ராய்டு 6-இல் டோஸ் என்ற உறக்க முறை வந்தது. கைபேசி சார்ஜில் இல்லாமல், அசையாமல், திரை அணைந்து கிடந்தால் பின்னணி வேலைகளை நிறுத்திவைக்கும். அந்த நிலையிலும் ஒலிக்க அனுமதி உள்ள அலாரங்களைக்கூட ஒரு செயலி ஒன்பது நிமிடத்துக்கு ஒன்றுக்கு மேல் எழுப்ப முடியாது. ஐந்து நிமிடம் என்று வைத்தது ஒன்பது பத்து நிமிடத்துக்கொரு தரம் வந்தால் குழம்ப வேண்டாம், காரணம் இது. காலையில் எழுப்பும் கடிகார அலாரம் வகையாகப் பதிவுசெய்யும் செயலிகளுக்கு இந்தத் தடை இல்லை. அமைப்புகளில் 'அலாரமாக ஒலி' என்பது போன்ற தேர்வு இருந்தால், முக்கியமானவற்றுக்கு அதைப் போடுங்கள்.

பிறகு அனுமதிகள். ஆண்ட்ராய்டு 12 முதல் துல்லியமான நேரத்தில் ஒலிக்கத் தனி அனுமதி உண்டு. அமைப்புகளில் 'அலாரங்கள் மற்றும் நினைவூட்டல்கள்' என்ற பெயரில் இருக்கும். ஆண்ட்ராய்டு 14-இல் புதிதாக நிறுவும் பெரும்பாலான செயலிகளுக்கு அது தானாகக் கிடைப்பதில்லை, நாமே போய்க் கொடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 13 முதல் அறிவிப்பு காட்டவே அனுமதி கேட்கிறது. அந்தக் கேள்விக்கு அவசரத்தில் 'வேண்டாம்' என்று அழுத்தியவர்கள் நிறைய. முன்பெல்லாம் தள்ளினாலும் போகாத ஒட்டு அறிவிப்பை நம்பிச் சில செயலிகள் இயங்கின. ஆண்ட்ராய்டு 14-இல் பூட்டு திறந்திருக்கும்போது அதையும் தள்ளிவிடலாம். எனவே 'ஒட்டிக்கொண்டே இருக்கும்' என்ற விளம்பரத்தைவிட, தள்ளினாலும் மறுபடி வருகிறதா என்பதைப் பாருங்கள்.

பேட்டரி அமைப்பில் அந்தச் செயலியை 'கட்டுப்பாடற்றது' என்று மாற்றுங்கள். சில தயாரிப்பாளர்களின் கைபேசிகளில் இதற்கு மேலும் தனியாக 'தானாகத் தொடங்கு' அனுமதி, உறங்கும் செயலிகள் பட்டியல் என்றெல்லாம் இருக்கும், அங்கேயும் விலக்கு கொடுக்க வேண்டும். 'கட்டாயமாக நிறுத்து' பொத்தானை அழுத்தினால் பதிவான அலாரங்கள் அத்தனையும் போய்விடும், மறுபடி திறக்கும்வரை மௌனம்தான். கைபேசியை அணைத்துப் போட்டாலும் அலாரங்கள் அழியும். நல்ல செயலிகள் தொடக்கத்திலேயே திரும்பப் பதிவுசெய்துகொள்ளும், ஆனால் நள்ளிரவில் தானாகப் புதுப்பித்துக்கொண்டு எழுந்த கைபேசியை நீங்கள் பூட்டுத் திறக்கும்வரை சில செயலிகள் இயங்காது. ஆண்ட்ராய்டு 16-இல் ஒரே செயலி அடுத்தடுத்து அறிவிப்பு அனுப்பினால் ஒலியைக் குறைக்கும் 'நோட்டிஃபிகேஷன் கூல்டவுன்' இருக்கிறது. அலாரங்களுக்கு அது பொருந்தாது, அறிவிப்பாக வரும் நச்சரிப்புக்குப் பொருந்தலாம்.

இத்தனையும் சரியா என்று ஒரே சோதனையில் தெரிந்துகொள்ளலாம். ஒன்றரை மணி நேரம் கழித்து வருமாறு ஒரு நினைவூட்டல் வையுங்கள். கைபேசியைச் சார்ஜரிலிருந்து எடுத்து, திரையை அணைத்து, மேசைமேல் தொடாமல் விடுங்கள். முதல் மணி எப்போது வந்தது, அடுத்த மூன்று எத்தனை நிமிட இடைவெளியில் வந்தன என்று குறியுங்கள். சார்ஜில் போட்டுக்கொண்டோ, கையில் வைத்துக்கொண்டோ சோதித்தால் எல்லாம் சரியாகவே தெரியும், ஏனென்றால் அப்போது டோஸ் வராது. இயங்குதளம் புதுப்பித்த பிறகும் இதை ஒரு முறை செய்துவிடுங்கள்.

தனிச் செயலியே வேண்டாமென்றால்

ஆண்ட்ராய்டில் டாஸ்க்ஸ்.ஆர்க் செயலியில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முறை ஒலி, ஐந்து முறை ஒலி, நிற்காமல் ஒலி என்று தேர்ந்தெடுக்கலாம். டிக்டிக் செயலியிலும் தொடர் நினைவூட்டல் உண்டு. இவற்றில் பட்டியலும் நச்சரிப்பும் ஒரே வீட்டில் இருப்பதால் இரட்டைப் பதிவு தொல்லை இல்லை. ஆனால் அங்கே வேறு ஆபத்து: எல்லா வேலைக்கும் இயல்பாகவே தொடர் ஒலி என்று அமைத்துவிடுவது. இயல்பு அமைப்பு ஒரு முறை ஒலிப்பதாகவே இருக்கட்டும், தேவைப்படும் வரிக்கு மட்டும் மாற்றுங்கள்.

இன்னொரு வழி பஸ்கில். அது நினைவூட்டல் செயலியே அல்ல, வரும் அறிவிப்புகளுக்கு விதி எழுதும் கருவி. 'பட்டியல் செயலியிலிருந்து வரும் அறிவிப்பில் இந்தக் குறி இருந்தால், நான் பார்க்கும்வரை திரும்ப நினைவூட்டு' என்று ஒரு விதி போட்டுவிட்டு, கட்டாய வேலைகளின் தலைப்பில் மட்டும் அந்தக் குறியைச் சேர்த்தால் போதும். ஐபோனில் ஒரு செயலி மற்றொன்றின் அறிவிப்பைத் தொட முடியாது என்பதால் அங்கே இந்த வழி இல்லை.

தள்ளிப்போடுவதற்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று முறை தள்ளியாகிவிட்டது என்றால் நான்காவது மணியில் முடிவெடுக்க வேண்டும்: இப்போதே எழுந்து செய், நேரத்தை நிரந்தரமாக மாற்று, இல்லையென்றால் பட்டியலுக்குத் திருப்பி அனுப்பு. செய்யாமல் டிக் அடிப்பது மட்டும் கூடவே கூடாது. சத்தம் தாங்காமல் "அடிச்சிட்டு அப்புறம் செய்யலாம்" என்று ஒரு முறை செய்துவிட்டால், அந்த டிக்குக்கு அப்புறம் அர்த்தம் இல்லை. தள்ளும் பொத்தான்களையும் உங்கள் நாளுக்கேற்ப மாற்றி வையுங்கள். '10 நிமிடம்' என்பதைவிட 'இன்று இரவு 8' அதிகம் உதவும், ஏனென்றால் பெரும்பாலும் நாம் சொல்ல நினைப்பது "இப்போ முடியாது, வீட்டுக்குப் போனதும்" என்பதுதான்.

கைபேசி, டேப்லட், கைக்கடிகாரம் மூன்றிலும் செயலி இருந்தால் மூன்றும் அடிக்கும். ஒன்றில் அணைத்தது மற்றதற்கு இணையம் வழியாகத்தான் போய்ச் சேரும். இழுப்பறைக்குள் இணைப்பில்லாமல் கிடக்கும் டேப்லட், நீங்கள் வெளியே போயிருக்கும்போது மணிக்கணக்காகக் கத்தி வீட்டில் இருப்பவர்களின் சாபத்தை வாங்கித் தரும். அறிவிப்பு ஒரு கருவியில் மட்டும் இயங்கட்டும். வீட்டில் தூங்குபவர்கள் இருந்தால் கடிகாரத்தின் அதிர்வு போதும்.

ஒலியைத் தேர்ந்தெடுக்கும்போது, குறுஞ்செய்திக்கோ மின்னஞ்சலுக்கோ இருக்கும் ஒலியை வைக்காதீர்கள். கேட்டதும் இது வேறு என்று தெரிய வேண்டும். சில வாரம் கழித்து அந்த ஒலியும் பழகிவிடும், அப்போது மாற்றுங்கள். கவனக்குறைபாடு உள்ளவர்களுக்கு இந்தப் பழக்கம் இன்னும் சீக்கிரம் வரலாம், அவர்கள் மாதம் ஒரு முறை மாற்றுவதையே ஒரு வரியாகப் பட்டியலில் போட்டுக்கொள்ளலாம்.

தொடங்கும்போது மூன்று வரி மட்டும்: பட்டியலைத் திற, தொட்டியை வெளியே வை, இன்னொன்று உங்களை அடிக்கடி ஏமாற்றும் வேலை எதுவோ அது. இரண்டு வாரம் இதோடு ஓட்டுங்கள். பிறகு வாரத்துக்கு ஒன்று வீதம் கூட்டலாம். மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் கண்ணோட்டம் விட்டு, மணி அடிக்கும் முன்னாலேயே வேலை முடிந்துவிடுகிற வரிகளை நீக்குங்கள். நீக்கிய பின் இரண்டு முறை தவறினால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். வெளியூர் கிளம்பும் முன், வீட்டில் இருந்தால்தான் செய்ய முடிகிற வரிகளின் அடுத்த தேதியைத் திரும்பி வரும் நாளின் மாலைக்கு மாற்றிவிடுங்கள். நேர மண்டலம் மாறும் பயணமென்றால், மாத்திரை நினைவூட்டல் உள்ளூர் நேரத்தைப் பின்பற்றுகிறதா, வீட்டு நேரத்திலேயே நிற்கிறதா என்று செயலியின் அமைப்பில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.